ஃபைட்டர விட்டுடாத தம்பி, ரெண்டு ஞாயித்துக்கிழமை பொறு

தம்பி,

நாம ஞாயித்துக்கிழம ஆடற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கு ஒரு கதாபாத்திரம் எடுத்துகினு டைஸ் உருட்டி ஆடற கத வெளையாட்டு) பத்தி நேத்து ராத்திரி நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். அதுல நீ ஃபைட்டர், அதாவது வாள் வீரன், கூட ஆடற இன்னொருத்தன் விசார்ட், மந்திரவாதி. "அக்கா, ஃபைட்டர வெச்சிகினு நான் இன்னா பண்றது, போறேன் வெட்டுறேன் நிக்கிறேன், அவன் ஒரு ஃபயர்பால் போட்டா எட்டு காப்ளின் காலி, எனக்கும் விசார்ட் போட்டுக் குடு"ன்னு சொன்ன. (ஃபயர்பால்னா நெருப்பு மந்திரம், காப்ளின்னா குட்டி அரக்கன்.) வாட்ஸப்ல பதில் சொன்னா நாலு வரில முடிஞ்சிரும், அதான் இங்க கடிதமா எழுதுறேன், உன்ன மாதிரியே ஃபைட்டர் ஷீட்ட கையில வெச்சிகினு மனசு வாடி உக்காந்திருக்கற வேற யாராச்சும் படிச்சாலும் படிக்கட்டும்.

மொதல்ல ஒன்னு. தப்பு உன் ஃபைட்டர்ல இல்ல. டிஎம்மா, அதாவது கதய சொல்லி ஆட்டத்த நடத்துறவளா, நான் கேம் நடத்துன விதத்துல இருக்கு, அத்த ஒத்துக்காம மேல எழுத எனக்கு மனசு வரல.

நாம ஆடுறது 2014ல வந்த அஞ்சாவது எடிஷன் ரூல்ஸ். ஒரு லாங் ரெஸ்ட்டுக்கும் (ராத்திரித் தூக்கம்) அடுத்த லாங் ரெஸ்ட்டுக்கும் நடுவுல, மீடியமோ ஹார்டோ, ஆறுலேந்து எட்டு சண்ட ஒரு பார்ட்டி (சேந்து ஆடற கூட்டம்) தாங்கும்னு டிஎம் புக்குலயே போட்டிருக்கு. நான் எத்தினி வெச்சேன்? ஒன்னே ஒன்னு. காட்பாடி வீட்டு மொட்டமாடில வெயில் எறங்கி நாம டைஸ எடுக்கறதுக்கே ஆறு மணி ஆவுது, நீ பஸ் புடிச்சி ஆரணி போயாவணும், அதனால ஒரு பெரிய சண்டய வெச்சி முடிச்சிட்டு அடுத்த வாரம் எல்லாரும் தூங்கி எழுந்துட்டாங்கன்னு ஆரம்பிச்சிடுவேன். இதுல யாருக்கு லாபம்னு பாரு. அஞ்சாவது லெவல் விசார்டுக்கு ஃபயர்பால் போடற ஸ்லாட் (மந்திரம் போடற வாய்ப்பு) ரெண்டுதான், ஷார்ட் ரெஸ்ட்ல (ஒரு மணி நேர ஓய்வு) ஆர்கேன் ரெக்கவரி போட்டா இன்னொன்னு வரும், அதுவும் நாளுக்கு ஒரு தரம். மூணு ஃபயர்பாலுக்கு மேல அன்னிக்கு கெடையாது. ஒரே சண்டன்னா அவன் எதுக்கு மிச்சம் புடிக்கப் போறான், மொத ரவுண்டுலயே தூக்கிப் போடுவான். உனக்கு அப்பிடி இல்ல, செகண்ட் விண்ட் (கொஞ்சம் உயிர் திரும்பும்), ஆக்ஷன் சர்ஜ் (அதே டர்ன்ல இன்னொரு ஆக்ஷன்), பேட்டில் மாஸ்டர்ங்கற உன் ஃபைட்டர் வகை குடுக்கற நாலு டி8 (எட்டு மொகம்) டைஸ், எல்லாமே ஒரு மணி நேரம் உக்காந்து எழுந்தாலே திரும்ப வந்துடும். அந்த ஒரு மணி நேரத்த நான் உனக்கு ஒரு தடவ கூட குடுக்கல.

இப்ப கணக்குக்கு வா. காப்ளினுக்கு இருக்கறதே ஏழு ஹெச்பி (உயிர்ப் புள்ளி), எட்டு செத்துச்சின்னா பாக்க பெருசாதான் இருக்கும். ஆனா கோட்ட வாசல்ல நின்ன ஓகருக்கு (பெரிய அரக்கன்) 59. ஃபயர்பால் எட்டு டி6, சராசரி 28, அது சேவ் ரோல் போட்டு தப்பிச்சிட்டா அதுலயும் பாதி. ரெண்டு ஃபயர்பாலயும் முழுசா வாங்கினா கூட 56, அப்பவும் மூணு ஹெச்பியோட நின்னுகினு இருக்கும். உன் கிரேட்ஸ்வார்ட் ரெண்டு டி6, ஸ்ட்ரெங்த் 4 சேத்தா ஒரு வெட்டுக்கு 11. ரெண்டு வெட்டு, ஆக்ஷன் சர்ஜ் போட்டா நாலு, 44. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு டி8 போட்டா இன்னொரு 18, மொத்தம் 62. ஓகர் ஆர்மர் கிளாஸ் (அடி படறதுக்கு வேண்டிய எண்) 11தான், உனக்கு கூட்டல் 7 இருக்கு, டி20ல 4 வுழுந்தாலே படும். நாலும் பட்டா அந்த ரவுண்டுலயே சாயும். போன வாரம் நீ சர்ஜயும் எடுக்கல, டைஸையும் தொடல, அப்புறம் தேவப்படும்னு பத்திரமா வெச்சிகினே இருந்த. சிக்கனமா இருந்தவனுக்கு பலன் குடுக்கற அளவுக்கு நான் நாள நீட்டல.

ஆனா நான் சொல்ல வந்தது டேமேஜ் கணக்கு இல்லடா.

உன் ஷீட்டுல கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்னு ஒன்னு எழுதி வெச்சிருக்க, எடுத்ததோட சரி, ஒரு தரமும் யூஸ் பண்ணல. உன் ரெண்டு அடில ஒன்ன விட்டுக்குடுத்து, போனஸ் ஆக்ஷனும் ஒரு டைஸும் செலவு பண்ணா, பக்கத்துல இருக்கற ரோக் (பதுங்கிக் குத்தறவ) அவளோட ரியாக்ஷன்ல, அதாவது அவ முறை வராமலே, உடனே ஒரு குத்து குத்தலாம். அவளோட கூடுதல் டேமேஜான ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு (ஒருத்தர் முறை) ஒரு தரம்னுதான் ரூல், ஒரு ரவுண்டுக்குன்னு (எல்லார் முறையும் சேந்தது) இல்ல. உன் டர்ன்ல அவ குத்துனா அதுக்கும் ஸ்னீக் அட்டாக் உண்டு, அவ டர்ன் வரும்போது மறுபடியும் உண்டு. நீ விட்டுக்குடுத்தது 11, அவ ரேப்பியர்ல வர்றது உன் டி8ஓட சேத்து 23க்கு மேல. அதுக்கு முன்னாடி மொத அடிய ட்ரிப் அட்டாக்கா (கால தட்டி வுழ வெக்கறது) போட்டின்னு வெய்யி, ஓகர் வுழறதுக்கு பாதிக்கு பாதி சான்ஸ், வுழுந்துட்டா கிட்ட நிக்கற எல்லாருக்கும் அட்வான்டேஜ் (டி20ய ரெண்டு தரம் உருட்டி பெருச எடுக்கலாம்). இந்த வேலைய விசார்டால உன் அளவுக்கு செய்ய முடியாது.

தாத்தா ஊர்ல பாரதக் கூத்து வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நீ மூணாவதோ நாலாவதோ படிச்ச, அபிமன்னன் சண்ட அன்னிக்கி என் மடிலயே தூங்கிட்ட. நான் விடிய விடிய பாத்தேன். அபிமன்னன் சக்கர வியூகத்த ஒடச்சி உள்ள போயிட்டான், பின்னாடியே போவணும்னு வந்த பீமன வாசல்ல சைந்தவன் மறிச்சிகினான், ஈசனோட கொன்ற மாலைய குறுக்கால போட்டான், அத்த தாண்ட மாட்டேன்னு பீமன் நின்னுட்டான். சைந்தவன் பீமனவிட பெரிய வீரன் கெடையாது. அந்த வாசல்ல அவன் யாரையும் கொல்லல, மறிச்சான், அவ்ளோதான், உள்ள தனியா மாட்டிகினு புள்ள செத்துட்டான். எதிரிப் பக்கம் நின்னவன்தான், இருந்தாலும் ஃபைட்டர்னா இன்னா பண்ணுவான்னு யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலதான் கண்ணு முன்னாடி வருது.

2008ல வந்த நாலாவது எடிஷன்ல இத்த ரூலாவே எழுதுனாங்க, ஃபைட்டர் மார்க் பண்ண எதிரி அவன விட்டுட்டு வேற ஆள அடிச்சா அட்டாக் ரோல்ல ரெண்டு குறையும். நம்ம புக்குல அவ்ளோ நேரா இல்ல, ஆனா கோடிங் அட்டாக் (goading, எதிரிய சீண்டி உன் பக்கம் இழுக்கறது) இருக்கு, ஓகருக்கு விஸ்டம் 7தான், பத்துல எட்டு தரம் மாட்டும், மாட்டுனா உன்ன தவிர யார அடிச்சாலும் அதுக்கு டிஸ்அட்வான்டேஜ். இன்னும் ஒன்னு, அடுத்த லெவல் உனக்கு ஆறு. ஆறாவது லெவல்ல ஒரு ஃபீட் (தனித் திறமை) எடுக்கற வாய்ப்பு ஃபைட்டருக்கு மட்டும்தான், விசார்டு எட்டு வரைக்கும் காத்துகினு இருக்கணும். சென்டினல் எடு. உன்ன தாண்டிப் போறவன ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்ல தொட்டுட்டா அந்த டர்ன்ல அவன் ஸ்பீடு சைபர்.

நான் வரைஞ்ச மேப்பு எங்கேந்து வந்துச்சின்னு கண்டுபுடிச்சிருப்ப, நம்ம வேலூர் கோட்டதான். சுத்தி அகழி, உள்ள போக ஒரே வாசல். 1806 ஜூலை 10, சிப்பாய்ங்க கலகம் பண்ண அன்னிக்கி, ஆற்காட்டுலேந்து வந்த வெள்ளக்காரங்க குதிரப்பட கூட பீரங்கிய வெச்சி அந்த வாசக் கதவ ஒடச்சிதான் உள்ள நொழஞ்சாங்க. அந்த மாதிரி எடத்துல உன்ன நிறுத்தணும்னுதான் மேப்ப வரைஞ்சேன், வரைஞ்சிட்டு காப்ளின் எல்லாத்தையும் வெட்டவெளில ஒரே கும்பலா கொண்டாந்து விட்டுட்டேன், ஃபயர்பால் வுழறதுக்கு வாகா.

இந்த ஞாயித்துக்கிழமைலேந்து மாத்துறேன். கோட்டைக்குள்ள அதே நாள் தொடரும், யாரும் தூங்கி எழல. ஒரு வாரத்துல ரெண்டு சண்ட, அடுத்த வாரம் இன்னும் ரெண்டு, நடுவுல ஷார்ட் ரெஸ்ட் நிச்சயம் உண்டு, அது வரைக்கும் லாங் ரெஸ்ட் கெடையாது. செலவு பண்ண டைஸையும் ஸ்லாட்டையும் நான் மறக்காம நோட்டுல குறிச்சி வெக்கிறேன். ரெண்டு வாரம் கழிச்சும் உனக்கு விசார்டுதான் வேணும்னா ஸ்பெல்லெல்லாம் நானே கூட உக்காந்து எடுத்துத் தர்றேன், மனசுல எதுவும் வெச்சிக்க மாட்டேன்.

நாலு மணி பஸ்ஸுக்கே கெளம்பிடு, வெயில பாக்காத. ஷீட்டுல எதையும் அழிக்காம எடுத்துகினு வா.

அக்கா