பெங்களூரில் தமிழ்ப் படம் ஓட்டும் தியேட்டர் உரிமையாளர்களுக்கு: திரையில் வெளிச்சம் போதவில்லை

வணக்கம்.

சவுண்டுக்குச் செலவு செய்தீர்கள், சீட்டை மாற்றினீர்கள், ஏசியும் நன்றாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் நன்றி. ஆனால் நாங்கள் காசு கொடுத்து வருவது படம் பார்க்க, அந்தப் படம் இந்த ஊரில் நிறைய அரங்குகளில் மங்கலாகத்தான் தெரிகிறது. சிங்கிள் ஸ்கிரீன், மால் மல்டிபிளெக்ஸ் என்ற வித்தியாசம்கூட இல்லை.

இரவுக் காட்சியில் ஹீரோ முகம் தெரியாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் "கேமராமேன் சரியில்லை" என்கிறார். பாவம், அந்த ஒளிப்பதிவாளர் என்ன செய்வார்? படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்யும் டிஐ அறையில் கலரிஸ்டோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டையும் அவர் சரி பார்ப்பது ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தை நம்பி. டிஜிட்டல் சினிமாவுக்காக ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ என்ற அமைப்பு 2005-இல் வெளியிட்ட விதிமுறையில் அந்த எண் இருக்கிறது. முழு வெள்ளைப் படம் போட்டால் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. தியேட்டர்களுக்கு 3 ஃபுட்-லாம்பர்ட் கூடக் குறைய இருக்கலாம் என்று சலுகையும் உண்டு. அதற்கும் கீழே போனால் படம் மங்குவதோடு நிற்பதில்லை, நிறமும் போய்விடுகிறது, ஏனென்றால் வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது, அதிலும் முதலில் அடிபடுவது சிவப்பு.

சரி, வெளிச்சம் எங்கே போகிறது? பெரும்பாலும் வழியில் போகிறது. புரொஜெக்டருக்குள் எரியும் செனான் லாம்ப் பழசாகப் பழசாக ஒளி குறையும். கரண்டை ஏற்றி ஏற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஒரு எல்லைக்கு மேல் மாற்றித்தான் ஆக வேண்டும், கம்பெனி சொன்ன மணிநேரம் தாண்டிய லாம்ப் வெடித்து உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரையும் சேர்த்துக் கெடுக்கும் ஆபத்து வேறு. லாம்புக்குப் பதில் லேசர் புரொஜெக்டர் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லேசரும் மெதுவாக மங்கும், பல ஆண்டுகளில் மங்குவதால் யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் 3டி. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போக புரொஜெக்டர் முன்னால் வைக்கும் போலரைசர் என்ற வடிகட்டி பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். 3டி படம் ஓடி முடிந்த பிறகும் அதைக் கழற்றாமல் விட்டால், அடுத்து ஓடும் சாதாரணப் படம் முழுக்க அந்த இருட்டில்தான் ஓடும். அதே 3டிக்காகப் போட்ட, வெள்ளி நிறப் பூச்சுள்ள சில்வர் ஸ்கிரீனில் நடுவில் உட்கார்ந்தவருக்கு நடுப்பகுதி பளிச்சென்று தெரியும், ஓரம் மங்கும், பக்கவாட்டு சீட்டுக்காரருக்கு இன்னும் மோசம். திரையின் ஓரங்களும் மூலைகளும் நடுவில் இருப்பதில் சுமார் 85 சதவீதம் வெளிச்சம் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. 3டி எப்போதோ ஒன்று வருகிறது, சில்வர் ஸ்கிரீன் வருடம் முழுக்க இருக்கிறது. தேவையில்லாத அரங்குகளில் வெள்ளைத் திரைக்கு மாறுங்கள் என்பது என் கருத்து.

செலவே இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆபரேட்டர் அறைக்கும் அரங்குக்கும் நடுவே இருக்கும் கண்ணாடி. கடைசி வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தாலே அதில் விரல் தடமும் தூசிப் படலமும் தெரிகிற தியேட்டர்கள் இருக்கின்றன. அந்தப் படலம் ஒளியைக் குறைப்பதோடு சிதறவும் அடிக்கிறது, அதனால் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகத் தெரியும். அந்தக் கண்ணாடிக்கு உரிய பூச்சு கெடாத மாதிரி துடைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

இந்த ஊருக்கே உரிய ஒரு பிரச்சினையும் உண்டு: சப்டைட்டில். நாங்கள் கன்னடம், மலையாளம், இந்தி பேசும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், அவர்களுக்குப் படம் புரிவதே அந்த வெள்ளை எழுத்தால்தான். அந்த எழுத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்புக் கோடு, மறுபக்கம் நீலக் கோடு தெரிந்தால், புரொஜெக்டருக்குள் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று சிப்களின் படங்களும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழவில்லை என்று அர்த்தம். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் சரிசெய்து விடுவார். சில நேரம் எழுத்தின் கீழ்வரி திரைக்கு வெளியே விழுகிறது, அகலம் குறைந்த ஃப்ளாட் வடிவப் படத்துக்கு, அகலமான ஸ்கோப் வடிவத்துக்கான செட்டிங் போட்டால் இப்படி ஆகும். இடைவேளை வரை அப்படியே ஓடுகிறது. இப்போது நிறைய இடங்களில் ஷோ தானாகத் தொடங்கித் தானாக முடிகிறது, ஆபரேட்டர் அறையில் ஆளே இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே கேட்பது இதுதான். ஒளி அளக்கும் மீட்டர் ஒன்று வாங்குங்கள், நாலைந்து தியேட்டர்கள் சேர்ந்து ஒன்றாவது வாங்குங்கள். மாதம் ஒரு தடவை முதல் ஷோவுக்கு முன்னால் வெள்ளைப் படம் போட்டு நடுவிலும் மூலைகளிலும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் முதல் பத்து நிமிடம் உங்கள் ஆள் ஒருவர் அரங்குக்குள் எங்களோடு உட்காரட்டும். அளந்த தேதியையும் வந்த எண்ணையும் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். 9 வந்தாலும் பரவாயில்லை, 9 என்றே ஒட்டுங்கள். அது 14 ஆனதும் தாளை மாற்றுங்கள், எந்த அரங்கில் டிக்கெட் எடுப்பது என்று அதைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.