எம்.டெக். சேர்க்கை: ஞாயிறு மாலை கூடுகிறோம்

சுரங்கவியல் இறுதியாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

தன்பாத், கரக்பூர் ஐ.ஐ.டி.களில் எம்.டெக். சேர்வது பற்றி மார்ச் 22, ஞாயிறு மாலை 6 மணிக்குக் காணொளியில் பேசுகிறோம்.

1. எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட்டின் மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்திருங்கள். 3 ஆண்டுகள் செல்லும் என்பதால் பழையதையும் தேடி எடுங்கள்.

2. ஐ.ஐ.டி.களுக்குப் பொதுவான கோஆப் இணையதளத்தில் பதிவுசெய்தால் மட்டும் போதாது. வந்த இடத்தை ஏற்கவோ மறுக்கவோதான் அந்தத் தளம். விண்ணப்பம் ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியே போட வேண்டும். சென்ற ஆண்டு நம்மில் இருவர் இதில்தான் கோட்டைவிட்டார்கள்.

3. 'ஏற்று உறுதிசெய்' என்பதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழுத்தினால் அடுத்த சுற்று கிடையாது.

4. சுரங்கமா, பெட்ரோலியமா? முடிவுசெய்துவிட்டு வாருங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரையும் விருப்பப் பிரிவையும் எழுதுங்கள். கட்டைவிரல் படம் கணக்கில் சேராது.