அலுமாரித் திறப்பு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் பேத்தியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நாள்தோறும் போனில் கதைக்கிற பிள்ளைக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைக்கக்கூடும். நான் இதைக் கதைக்கத் தொடங்கும்போதெல்லாம் உனக்கு இன்னொரு அழைப்பு வந்துவிடுகிறது. "அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்று நீ சொல்ல, நானும் சரியென்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் ஆறுதலாக இருந்து, சொல்ல வேண்டியதை முழுதாக எழுதுகிறேன்.

ஆவணியில் நீ வந்து நின்ற நான்கு கிழமைகளும் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு கிழமை லீவு, இரண்டு கிழமை இங்கிருந்தே வேலை என்று சொல்லித்தான் வந்தாய். ரொறன்ரோவில் காலை ஒன்பதரை என்றால் இங்கே இரவு ஏழு மணி. அங்கே பின்னேரம் ஐந்து என்றால் இங்கே அதிகாலை இரண்டரை. அந்த இரண்டு கிழமையும் விறாந்தை மேசையில் உன் லாப்டொப்பின் வெளிச்சம் விடியுமட்டும் எரிந்தது. நான் வைத்த தேத்தண்ணீரில் ஆடை படிந்திருப்பதைக் காலையில் எடுத்து ஊற்றுவேன். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் லீவுக் கிழமையில் வந்த தேர்த் திருவிழாவன்று விடியற்காலை நான்கு மணிக்கு உன் தலையணைக்குக் கீழே இருந்து அந்தப் போன் கத்தியதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேத்தி எழும்பி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மம்மா, அம்மாவின் போன் அழுகிறது" என்றாள். அது அழுதால் தன் அம்மா எழும்பிப் போய்விடுவாள் என்பது ஆறு வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குப் பாவாடை சட்டை போட்டு, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்த் தேர் காட்டினார். நாங்கள் திரும்பி வந்தபோதும் நீ அந்த மேசையிலேயே, இரவு உடுத்த உடுப்போடு இருந்தாய். உன் கொம்பனியின் மென்பொருளில் காசு கட்டும் பகுதியில் ஏதோ நின்றுபோய்விட்டது என்றும், அந்த இடம் உனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும் என்றும் சொன்னாய்.

அன்று பின்னேரம் நீ சொன்ன ஒரு சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். "நீங்கள் ஷெல் விழுகிற இடத்தில் வேலை செய்தீர்கள் அம்மா. நான் குளிரூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு களைப்பு என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது" என்றாய். நான் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டேன். அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

நான் முப்பத்து நான்கு வருடம் தாதியாக வேலை செய்தேன். சமாதான காலத்தில் எங்கள் வேலை எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியும்: காலை ஏழிலிருந்து ஒரு மணி, ஒரு மணியிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து விடியற்காலை ஏழு. வேலை முடிந்தால் வெறுமனே கையைக் கழுவிவிட்டு வெளிக்கிட முடியாது. வருகிறவளோடு கட்டில் கட்டிலாகப் போய், யாருக்குச் சேலைன் ஓடுகிறது, யாருக்குக் காய்ச்சல் விடவில்லை, யாருக்கு இத்தனை மணிக்கு ஊசி என்று சொல்ல வேண்டும். பிறகு அலுமாரியைத் திறந்து மோர்பின், பெதிடின் குப்பிகளை இருவரும் சேர்ந்து எண்ணி, புத்தகத்தில் இருவரும் கையொப்பமிட்டு, அலுமாரியைப் பூட்டி, அதன் திறப்பை அவள் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் திறப்பு என் சட்டையில் ஊசியால் குத்தியிருக்கும்வரை வார்ட் என்னுடையது. கழற்றிக் கொடுத்த நிமிடத்திலிருந்து அது அவளுடையது. ஒருமுறை அவசரத்தில் திறப்போடு வீட்டுக்கு வந்துவிட்டேன். சோற்றைப் பிசைந்த கையோடு எழும்பி, அப்பாவின் சைக்கிளில் திரும்ப ஓடினேன். திறப்பு என்னிடம் இருக்கும்போது என்னால் ஒரு வாய் சோறு விழுங்க முடியவில்லை. நீ இப்போது வருடக்கணக்காக அந்தத் திறப்போடுதான் சாப்பிடுகிறாய், அதோடுதான் படுக்கிறாய்.

1995 ஐப்பசி கடைசியில் போரால் வலிகாமத்துச் சனம் முழுதுமே ஊரைவிட்டு எழும்பி நடந்தபோது உனக்கு ஏழு வயது. உன்னைக் கரவெட்டியில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு நான் வடமராட்சியில் கடமைக்குப் போனேன். மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். அம்மம்மா அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தார். அந்த மூன்றாம் இரவில் நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்குக்கூட. காயப்பட்டு வந்த ஒரு பொடியனுக்கு நோவுக்கான ஊசியை ஏற்றினேன். எத்தனை நிமிடம் கழிந்ததென்று தெரியாது, அதே மருந்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு அவனிடமே போய் நின்றேன். நிலத்தில் பாயில் இருந்த அவனுடைய தாய் என் கையைப் பிடித்து, "பிள்ளை, இப்பதானே குத்தினனீங்கள்" என்றாள். எனக்கு நினைவே இல்லை. எழுதிவைக்க நேரமில்லை, எண்ணிப் பார்க்க இரண்டாவது ஆள் இல்லை, திறப்பை வாங்கவும் ஒருத்தி வரவில்லை. அந்தத் தாய் கண்ணயர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

அதனால் என்னுடைய அந்த மூன்று நாளை எடுத்து உன் களைப்பை அளக்காதே, மகள். அன்று எங்களை மாற்ற ஆட்கள் இல்லை. இருந்தவர்கள் வழியில் நின்றார்கள், சிலர் வரவே இல்லை. உன்னுடைய கொம்பனியில் பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள். உன்னை மாற்ற ஒருவரைப் பழக்கி வைக்காதது அவர்களுக்கு ஆள் இல்லாததால் அல்ல, செலவைக் குறைப்பதற்காக. அந்தச் செலவை நீயும் பேத்தியும் கட்டுகிறீர்கள்.

உன் கொம்பனி தந்த நல்லவற்றை நான் மறைக்கவில்லை. பேத்தி பிறந்தபோது ஒரு வருடம் முழுதாக அவளோடு இருந்தாய். நான் உன்னைப் பெற்று மூன்றாம் மாதமே வார்டுக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடம் விடுகிற மூன்றரை மணிக்கு நீயே போய் அவளைக் கூட்டிவர முடிகிறது. ஒரே கட்டடத்தில், ஒரே சம்பளத்தில், வேறொரு குழுவில் இருக்கும் உன் தோழி ஐந்து மணிக்கு லாப்டொப்பை மூடுகிறாள் என்றும், அவளுடைய முகாமையாளர் இரவில் ஒரு செய்தியும் அனுப்புவதில்லை என்றும் நீயே சொன்னாய். ஆகவே இது கொம்பனி முழுதுக்கும் எழுதிய விதி அல்ல. எந்தக் குழு, யார் மேலே இருக்கிறார், கையில் உள்ள வேலை எது என்பதைப் பொறுத்து மாறுகிறது. மாறக்கூடியதென்றால் கேட்கவும் கூடியது.

மூன்றரைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த அந்த நேரத்தைத்தான் இரவு பத்து மணிக்குத் திருப்பிக் கட்டுகிறாய். மருமகன் ஒருநாள் சொன்னார்: மைக்ரோசொப்ட் 2022 இல் தன்னுடைய ஊழியர் சிலர் எந்நேரம் தட்டச்சுச் செய்கிறார்கள் என்று பார்த்தபோது, மதியத்துக்கு முன் ஒரு மேடும் பின் ஒரு மேடும் இருந்தனவாம், கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கினருக்கு இரவு பத்து மணியளவில் மூன்றாவது மேடும் எழும்பியதாம். அந்த மூன்றாவது மேட்டில் இருப்பவர்களில் எத்தனை பேர் பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு வந்த தாய்மார் என்று எனக்கு உடனே தோன்றியது.

லீவுக்கு எல்லையே இல்லை, எவ்வளவும் எடுக்கலாம் என்று நீ சொன்னபோது முதலில் நான் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தேன். எனக்கு இத்தனை நாள் என்று எழுதியிருந்தது. மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, என்னுடையது என்று உரிமையோடு கேட்டேன். கணக்கில்லாத லீவில், சட்டப்படி தரவேண்டிய நாட்களுக்கு மேல், மிச்சம் என்று ஒன்று இல்லை, வேலையை விடும்போது காசாகவும் வராது, ஒவ்வொரு நாளையும் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். 2023 தையில் மைக்ரோசொப்ட் அமெரிக்காவில் அப்படியான லீவு முறையைக் கொண்டுவந்தது; அதே மாதத்திலேயே 10,000 பேரை நிறுத்தப்போவதாகவும் அறிவித்தது. கூகிள் அதே மாதம் 12,000 பேர் என்றது. அந்தச் செய்திகளைப் படித்த எந்தப் பிள்ளைதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூன்று கிழமை லீவு கேட்கும்? உன் பயம் எனக்கு விளங்குகிறது. வீட்டுக் கடன் இருக்கிறது என்பதும் விளங்குகிறது.

அப்பாவுக்கு இதில் தனிக் கோபம். அவர் தனியார் கந்தோரில் இருந்தவர். நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்வதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். கனடாவில் அதைவிட நல்ல சட்டம் இருக்கும் என்று நம்பியிருந்தார். உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு வேலைநேர எல்லையும் மேலதிக நேரக் கொடுப்பனவும் பொருந்தாது என்று மருமகன் விளக்கியபோது அவர் பேசாமல் எழும்பிப் போய்க் கிணற்றடியில் வாழைக்குத் தண்ணீர் விட்டார். வேலை முடிந்தபின் தொடர்பைத் துண்டிப்பது பற்றி, 25 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று அங்கே 2021 இல் சட்டம் வந்திருக்கிறது. அதில் என்ன எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையாம். இருந்தாலும் உன் கொம்பனியின் கொள்கையை ஒருமுறை எடுத்து வாசி. எழுதிவைத்த ஒன்றைக் காட்டிக் கேட்பது வெறுங்கையோடு கேட்பதைவிட நல்லது.

இனி நான் தாதியாகச் சொல்வதைக் கேள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் செய்வோரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம்; நீண்ட வேலைநேரத்தோடு தொடர்புபட்ட பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016 இல் மட்டும் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களின் வாயை ஈரத்துணியால் துடைத்தவள் நான். இந்த எண்களை என்னால் எண்களாகப் படிக்க முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. வேலையால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் மூன்று குறிகளால் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையில் மனம் ஒட்டாமல் வெறுப்பு வருதல், செய்வது சரியாக வராமை. நல்லூர் வீதியில் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு நிற்கும்போது, "முன்பு ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் சந்தோஷமாயிருக்கும் அம்மா, இப்போது ஒன்றுமே தோன்றவில்லை" என்றாய். ஏலெவல் படிக்கும் காலத்தில் இரவல் வாங்கிய கணினியில் விடியுமட்டும் இருந்து, ஒரு நிரல் ஓடியதற்கு என்னை எழுப்பிக் காட்டியவள் நீ. அதனால் அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாயிருந்தது.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. நீ அதில் கெட்டிக்காரி. பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த இடம் அது. உனக்கு மட்டும் தெரிந்திருக்கிற அந்தக் காசு கட்டும் பகுதியை முழுதாக எழுதிவை. கட்டில் கட்டிலாகச் சொல்வதுபோல, எது எப்போது நிற்கும், நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, யாரை அழைப்பது என்று எழுது. பிறகு முகாமையாளரிடம் போய், இதைப் பழக இரண்டு பேர் வேண்டும் என்று நாள் குறித்துக் கேள். ஒரு கிழமை போனை வைத்திருந்தால் அடுத்த கிழமை அது வேறொருவர் கையில் இருக்க வேண்டும்; இரவில் எழுப்பப்பட்டால் மறுநாள் காலை வேலை இல்லை என்று எழுத்தில் வாங்கு. எங்களுக்கு இரவுக் கடமைக்குப் பின் ஓய்வுநாள் தந்தது இரக்கத்தால் அல்ல, நித்திரையில்லாத கையில் ஊசியைக் கொடுக்கக்கூடாது என்பதால். அவர்கள் மறுத்தால், உன் தோழியின் குழுவில் இடம் இருக்கிறதா என்று பார். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு மாதாமாதம் அனுப்புவதை நிறுத்து. என் பென்சன் எங்கள் இருவருக்கும் காணும்.

வருகிற ஆவணிக்கு டிக்கெற் போடுவதாகச் சொன்னாய். போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் எடுத்து, நீ இங்கே நிற்கும் நாட்களில் திறப்பை வாங்கி வைத்திருக்கப் போகிறவருடைய பெயரைச் சொல்லு. அந்தப் பெயரைக் கலண்டரில் தேர்த் திருவிழா நாளுக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா