குடிப்பவர் மட்டுமா மறைக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"நெனச்சா நாளைக்கே விட்ருவேன்", "என் காசுல குடிக்கிறேன், தொழில் ஏதும் கெட்டுப்போச்சா?" இப்படிப் பேசுகிறவரைப் பொய்யர் என்று திட்டி விடுகிறோம். பல நேரம் அவர் அதை உண்மையென்றே நம்புகிறார். அதுதான் குடிநோயின் பிடி.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம், பிரச்சினையே இல்லை என்னும் இந்த மறுப்பு வீடு முழுக்கப் பரவுகிறது. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் அரிசி மூட்டைக்குப் பின்னால் பாட்டில் இருப்பது ஆச்சிக்குத் தெரியும். பங்காளிகள் கேட்டால், "தம்பிக்கு மேலுக்குச் சரியில்லை" என்பார். குடும்ப மானம் காக்கிறோம் என்று நினைத்து வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறோம்.

குறைக்க வேண்டுமென்று நினைத்ததுண்டா, பிறர் குறைசொல்லி எரிச்சல் வந்ததா, குற்ற உணர்வு உண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? 1984-இல் வெளியான இந்த நான்கு கேள்விகளை மருத்துவர்கள் இன்றும் கேட்கிறார்கள். இரண்டுக்கு 'ஆம்' என்றாலே கவனிக்க வேண்டும்.

இவற்றை அவர் போதையில் இருக்கும்போது கேட்காதீர்கள். தெளிந்திருக்கும் காலை வேளையில் அமைதியாகக் கேளுங்கள். நெடுநாள் குடித்தவரை வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென நிறுத்தவும் கூடாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரசின் 14416 கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். குடும்பத்தாரும் பேசலாம்.

- ஒரு வாசகி, தேவகோட்டை