முரளிகாந்த் பெட்கரைத் தண்ணீரில் இறக்கிவிட்ட கைகளுக்கு நன்றி

1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில், 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 விநாடியில் நீந்தி உலக சாதனையோடு தங்கம் வென்றார் முரளிகாந்த் பெட்கர். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான். அவரைப் பாராட்டிப் பலர் எழுதிவிட்டார்கள். இந்த மடல் அவருக்குத் துணை நின்றவர்களுக்கு.

பெட்கர் ராணுவ வீரர், குத்துச்சண்டைக்காரர். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் பிறந்தவர். 1965 போரில் பாய்ந்த குண்டுகளால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஒரு குண்டு முதுகுத்தண்டிலேயே தங்கிவிட்டது. மும்பை கடற்படை மருத்துவமனையான அஸ்வினியில் சிகிச்சை. நீச்சல் அவருக்கு முதலில் விளையாட்டாக வரவில்லை, வைத்தியமாகத்தான் வந்தது.

எனக்கும் முதுகுத்தண்டில்தான் காயம். நானும் நீந்துகிறேன் என்பதால் அந்த வைத்தியம் எத்தனை பேருடைய உழைப்பு என்று தெரியும். கால் உதைக்காது, தண்ணீருக்குள் தாழ்ந்து பின்னுக்கு இழுக்கும். தோளும் கையும்தான் மொத்த உடம்பையும் இழுத்துப் போக வேண்டும். குளத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் யாராவது தூக்க வேண்டும். ஓரத்துச் சிமெண்டில் கால் சிராய்த்து ரத்தம் வந்தாலும் நமக்கு உறைக்காது; பார்த்துச் சொல்லவும் ஆள் வேண்டும். பெட்கருக்கு இதையெல்லாம் செய்த செவிலியர்கள், உதவியாளர்கள், பிசியோதெரபிஸ்டுகள் பெயரை எந்தச் செய்தியிலும் நான் பார்த்ததில்லை. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அடுத்து, மறைந்த கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட் ஐயாவுக்கு. தாம் நடத்திய தொண்டு அமைப்பு மூலம் பெட்கரின் வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவியவர். மாற்றுத்திறனாளி விளையாட்டு என்று ஒன்று இருப்பதே நம் நாட்டில் பலருக்குத் தெரியாத காலம் அது. அந்த டிக்கெட் கிடைக்காமல் போயிருந்தால் எவ்வளவு வேகமாக நீந்தியும் பயனில்லை.

பெட்கருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். 46 வருடம்! அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

என் ஊர்க் குளத்தில் என்னைத் தூக்கி இறக்கும் அண்ணன்களே, கை வலிக்க வலிக்கப் பயிற்சி தரும் பிசியோதெரபி அக்கா, உங்களுக்கும் இதே நன்றி. அந்நாளில் அஸ்வினியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
முதுகுத்தண்டுக் காயத்தோடு நீந்தும் ஒருத்தி