கொம்பு ஓணானுக்கு மூன்று நாள் போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு பேரன் அனுப்பிய படத்தை உன் அம்மாவும் நானும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கண்ணாடித் தொட்டி, அதில் ஒரு பிடி மணல், மூலையில் அந்தக் கொம்பு ஓணான். தட்டிவைத்த வரட்டி போல உடம்பு, தலையைச் சுற்றி முள். "நெருஞ்சிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கிறதே" என்றாள் உன் அம்மா. உங்கள் டெக்சஸ் மிட்லண்டில் அதைத் தேரை என்று சொல்கிறார்களாம். பெயரில் என்ன இருக்கிறது, நம் ஓணானுக்குத் தூரத்து உறவுதான்.

"மூன்று நாளாக இருக்கிறது தாத்தா, சுவர்க்கோழி போட்டால் சாப்பிடுகிறது" என்றான். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான். நாளைக் காலையே பிடித்த இடத்தில் கொண்டுபோய் விடச் சொல். போனில் சொன்னால் அவன் அழுவான், நான் இளகிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெங்களூர் சிவாஜிநகரில் இருபத்தாறு வருடம் வண்ணமீன் கடை வைத்திருந்தவன் நான். "சாப்பிடுகிறது" என்ற சொல்லை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன்! அந்த ஓணானுக்குச் சோறு என்பது எறும்பு. அதுவும் புல்விதை சேர்த்துவைக்கும் பெரிய செவ்வெறும்பு. அந்த எறும்பு கடித்தால் உனக்கும் எனக்கும் உயிர் போய் உயிர் வரும். ஓணானோ மெல்லாமல், தன் தொண்டைக் கோழையில் சுருட்டி அப்படியே விழுங்கிவிடும். எறும்பில் ஓடுதான் அதிகம், சத்து கொஞ்சம். அதனால் நாளொன்றுக்கு எழுபது எண்பதாவது வேண்டும், அதற்கேற்ற பெரிய வயிறும் அதற்கு உண்டு. கடைச் சுவர்க்கோழியை மட்டும் போட்டால் தின்னும், தின்றுகொண்டே மெலியும். வெளியே தெரிய மாதக்கணக்கு ஆகும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

எறும்பு கிடைத்துவிட்டது என்றே வை. வெயில் காய முப்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடான ஓர் இடம், ஒதுங்க நிழல், உடம்பைப் புதைத்துக்கொள்ளத் தளர்ந்த மண், குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மண்ணுக்குள் தூக்கம், இத்தனையும் வேண்டும். தண்ணீர் குடிப்பதுகூடத் தனி வித்தை. மழை பெய்தால் முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்தி நிற்கும். செதில்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய வாய்க்கால் வழியாக நீர் வாய்க்கு வந்துசேரும். கிண்ணத்தில் நீ வைக்கும் தண்ணீருக்கு அது என்ன மரியாதை தரும்?

இன்னொன்று, புற ஊதாக் கதிர். ஜன்னல் கண்ணாடி அதில் தேவையான பகுதியைத் தடுத்துவிடும். டியூப் லைட்டில் அது கிடையாது. அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

உன் நட்சத்திர ஆமை நினைவிருக்கிறதா? 1998. உனக்கு ஏழு வயது. கோலார் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவன் கோணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "ஒன்றும் போடாவிட்டாலும் ஆறு மாதம் இருக்கும் அண்ணா" என்றான். முட்டைக்கோசும் பாலில் நனைத்த பிரட்டும் கொடுத்தோம். கடையில் மீதமிருந்த தொட்டியில், டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தேன். எட்டு மாதத்தில் ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பழைய பிளாஸ்டிக் பந்து போல உள்ளே போனது. அது போனபோது நீ பள்ளியில் இருந்தாய். கோலார்க்காரன் வந்து வாங்கிக்கொண்டு போனான் என்று உன்னிடம் சொன்னேன். பொய். காக்ஸ் டவுன் வீட்டுக் கொல்லையில், செம்பருத்திக்கு அடியில் நான்தான் புதைத்தேன். நீ இரண்டு மாதம் தினமும் பின்படியில் ஒரு கோஸ் இலை வைத்தாய். அதை எடுத்துப் போடுவதும் என் வேலையாக இருந்தது.

நட்சத்திர ஆமையை வைத்திருப்பது குற்றம் என்று அன்றே சட்டம் இருந்தது. தெரியாதது போல இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். டெக்சஸில் அந்த ஓணான் 1977 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர். அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். மாப்பிள்ளை விசாவில் இருக்கிறார், வம்பு எதற்கு? ஊருக்கு வரும்போது கொண்டுவரட்டுமா என்று வேறு கேட்கிறான்! காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் சைட்டிஸ். 2022இல் பனாமாவில் கூடிய அதன் மாநாட்டில் கொம்பு ஓணான் இனம் முழுவதையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கேயும் வனவிலங்குச் சட்டத்தை அதே ஆண்டு திருத்தினார்கள். அந்தப் பட்டியலில் உள்ள உயிரை வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், இறக்குமதிக்குத் தனி அனுமதி வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் பல்லியும் ஆமையும் கடத்தி வருபவர்களை நம் விமான நிலையத்தில் பிடிப்பது அடிக்கடி பேப்பரில் வருகிறது.

1897இல் டெக்சஸ் ஈஸ்ட்லண்ட் ஊர் நீதிமன்றச் சுவருக்குள் வைத்து மூடிய ஓணான் 1928இல் உயிரோடு வந்தது என்று பள்ளியில் சொன்னார்களாம். வந்ததாகச் சொல்லி அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் வரை கொண்டுபோய்க் காட்டினார்கள். வெளியே வந்து ஒரு வருடம்கூட அது தாங்கவில்லை. எனக்கு அந்தச் சைக்கிள்காரன் குரல்தான் கேட்கிறது.

விடும்போது உச்சி வெயிலில் விடாதீர்கள், காலை பத்து மணிவாக்கில், செவ்வெறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் விடுங்கள். நாயை வீட்டிலேயே கட்டிவிட்டுப் போ. பயந்தால் அது கண்ணிலிருந்து நான்கைந்து அடிக்கு ரத்தத்தைப் பீய்ச்சும். நாய், நரி வாய்க்கு அந்த ருசி ஆகாது. அதைப் பார்க்க வேண்டுமென்று பேரன் நாயை ஏவிவிடப் போகிறான், உன் பிள்ளையல்லவா! தோட்டத்துப் புற்றுக்கு மருந்து அடிக்கும் ஆளையும் நிறுத்து. எங்கே கொம்பு ஓணானைக் கண்டோம் என்று பொதுமக்கள் எழுதி அனுப்ப டெக்சஸ் வனவிலங்குத் துறையிலேயே ஒரு திட்டம் உண்டு. அவனுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடு. வளர்த்தே தீர வேண்டும் என்றால் தாடி ஓணான் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பிறந்து பழகியது, சுவர்க்கோழியும் கீரையும் அதற்குப் போதும். எனக்கு அதிலும் பெரிய ஆசையில்லை.

செம்பருத்தி இன்னும் பூக்கிறது. ஆகஸ்டில் வரும்போது இடத்தைக் காட்டுகிறேன். பேரனை அப்போது உன் அம்மாவோடு கடைக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
அப்பா