கப்பலின் சட்டம் எங்கிருந்து வந்தது? அறிபுனை எழுதும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அறிபுனைக் கதையை (அறிவியல் புனைகதையை) படித்தேன். இரண்டாயிரம் பேரோடு 150 ஆண்டு போகும் விண்கப்பல். இயந்திர அறையில் ஒருத்தி, பயிர்க்கூடத்தில் ஒருத்தி. இருவருக்கும் நடுவே காதல் வளரும் விதத்தில் கை வைக்காதே. பயிர்க்கூடத்தின் ஈரமும் விளக்கு அணைந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதும் அப்படியே இருக்கட்டும். மாற வேண்டியது கப்பலின் சட்டம்.

பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழத் தடை என்பது கடைசி மூன்று பக்கத்தில்தான் தெரியவருகிறது. ஏன் தடை? "மக்கள்தொகை குறையக் கூடாது" என்கிறார் தலைவர். ஆனால் நான்காம் பக்கத்திலேயே விந்தும் கருமுட்டையும் உறைய வைத்த வங்கியைக் காட்டிவிட்டாய். அது இருக்கும்வரை யார் யாரோடு வாழ்ந்தாலும் குழந்தை பிறக்கும். அதோடு, மூடிய கப்பலில் ஆட்கள் குறைவதைப் போலவே கூடுவதும் ஆபத்து. காற்றும் தண்ணீரும் அளந்து வைத்தவை. ஆக, இந்தத் தடைக்குக் கப்பலில் வேர் இல்லை. பூமியிலிருந்து அப்படியே ஏற்றிவந்திருக்கிறாய். அறிபுனை வாசகர் இதை உடனே பிடித்துவிடுவார், அதன்பின் காதலையும் நம்ப மாட்டார். எரிபொருளுக்குக் கணக்குப் போடுகிற நாம் வெறுப்புக்கும் கணக்குப் போட்டாக வேண்டும்.

தடையை முழுவதும் எடுத்துவிடலாம். ஜோவன்னா ரஸ் 1972இல் எழுதி, அறிபுனைக்கான நெபுலா விருது பெற்ற 'வென் இட் சேஞ்ச்டு' சிறுகதை அப்படிப்பட்டது. கொள்ளைநோயில் ஆண்கள் அழிந்து பல தலைமுறை ஆன ஒரு கோள். இரண்டு கருமுட்டைகளை இணைத்துக் குழந்தை பெறுகிறார்கள். மனைவியும் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும் ஒரு வீட்டை ரஸ் விளக்கம் சொல்லாமல் காட்டுகிறார். பூமியிலிருந்து ஆண்கள் வந்து இறங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அல்லது தடைக்குக் கப்பலுக்குள்ளேயே ஒரு காரணம் கொடு. எனக்குப் பிடித்தது இந்த வழி. பயணத்தின் 60ஆம் ஆண்டில் வங்கியின் குளிரூட்டி பழுதாகிப் பாதி மாதிரிகள் கெட்டுப்போகின்றன என்று வை. அன்றிலிருந்து மரபணு அட்டவணை பார்த்து யார் யாரோடு வாழலாம் என்று குழு முடிவு செய்கிறது. இப்போது அட்டவணையில் பொருந்தாத ஆணும் பெண்ணும்கூடப் பிரிக்கப்படுவார்கள். உன் நாயகிகள் தனித்து நிற்க மாட்டார்கள்; அவர்களுக்குத் துணைவர்களும் இருப்பார்கள், காட்டிக்கொடுப்பவர்களும் இருப்பார்கள். கதைக்கு வேண்டிய ஆட்கள் தாமாக வந்து சேர்வார்கள்.

எந்த வழியில் போனாலும், அடுத்த வரைவுக்கு முன் ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்: அறை ஒதுக்குவது யார்? பங்கீட்டு அட்டையில் 'குடும்பம்' என்று யாரைச் சேர்க்கிறார்கள்? குழந்தைக்குப் பெயர் வைப்பது யார்? ஒருவர் இறந்தால் அவர் பொருள் யாருக்குப் போகும்? மக்கள் என்ன சொல்லித் திட்டுகிறார்கள்? அறை ஒதுக்கீட்டை இரண்டாம் பக்கத்திலேயே ஒரு சின்ன வாக்குவாதமாக வைத்துவிட்டால் சட்டத்தை விளக்க வேறு பத்தி தேவைப்படாது.

அடுத்தது மரணம். பயிர்க்கூடத்துப் பெண் முத்தம் கொடுத்து மூன்று வரி கழிவதற்குள் காற்றுப்பூட்டு அறையில் (கப்பலுக்கும் வெளியே உள்ள வெட்டவெளிக்கும் இடையிலுள்ள அறையில்) இறந்துபோகிறாள். இது பழைய தடம். ஷெரிடன் லெ ஃபனுவின் 'கார்மில்லா'வில் (1872) ஒரு பெண்ணை நேசிக்கும் ரத்தக்காட்டேரியின் நெஞ்சில் கழி அடித்து, தலையை வெட்டி, எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். அமானுஷ்யக் கதைகளில் இந்த முடிவு வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 2016இல் 'தி ஹன்ட்ரட்' தொலைக்காட்சித் தொடரில் லெக்சா என்ற தலைவி, காதலியோடு சேர்ந்த சற்று நேரத்தில் வேறு யாருக்கோ வைத்த குறி தவறிச் செத்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். தன்பாலீர்ப்புள்ள பெண் பாத்திரங்களுக்கென்றே அடுத்த ஆண்டு லாஸ் வேகாஸில் ஒரு மாநாடு பிறந்தது.

உன் கதையில் யாரும் சாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று விஷயம் ஒன்றுசேரும்போதுதான் புண்படுத்துகிறது: மகிழ்ச்சியை ஒட்டியே சாவு வருவது, அது விபத்தாக இருப்பது, கதையில் இருக்கும் ஒரே குயர் (ஆண்-பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத) இணை அதுவாக இருப்பது. ஒரு சோதனை செய்து பார். அவளுக்குப் பதில் பெயரில்லாத ஒரு பணியாளரைச் சாகடித்துப் படி. கதைப்போக்கு மாறவில்லை என்றால் அந்தச் சாவு வாசகரை அழவைக்க ஒட்டியது மட்டுமே. சாவு வேண்டும் என்று தோன்றினால் அவளே தெரிந்து எடுத்த முடிவிலிருந்து வரட்டும். கப்பலில் வயதான இணை ஒன்றையும் காட்டு. நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து சண்டை போடும் இரண்டு பேர் போதும்.

இப்போது மொழி. உர்சுலா லெ க்வின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலின் கெத்தன் கோள் மக்களுக்கு நிலையான பால் கிடையாது. ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள்; யாரும் தாயாகலாம். அங்கே வேலை, அரசியல், போர் எல்லாம் அதனால் எப்படி மாறும் என்று அவர் யோசித்திருக்கிறார். ஆனால் அவர்களை ஆண்பாலிலேயே சுட்டியதற்காக விமர்சனம் எழுந்தது. அதே கோளில் நடக்கும் 'விண்டர்ஸ் கிங்' சிறுகதையை 1975 தொகுப்பில் சேர்க்கும்போது பெண்பாலுக்கு மாற்றினார்.

உன் கதையின் மருத்துவர் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் வினை பாலைக் காட்டாது, படர்க்கையில்தான் மாட்டுவாய். 'அவர்' என்று போட்டால் பால் மறையும், ஆனால் மரியாதையும் தூரமும் கூடவே வந்துவிடும். எல்லோரையும் அவன், அவள் என்று எழுதிவிட்டு மருத்துவரை மட்டும் 'அவர்' என்றால் பதவிக்கு மரியாதை என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஆகவே கப்பலில் பெரியவர்கள் எல்லோரையுமே 'அவர்' என்று எழுது, அல்லது மருத்துவரையே கதை சொல்ல வை. 'அது' குழந்தைக்குப் பொருந்தும். வளர்ந்த ஆளுக்குப் போட்டால் அவமதிப்பு. உரையாடல்களைத் தனியாக ஒருமுறை சலித்துப் பார்: பன்னிரண்டாம் பக்கத்தில் தோழி மருத்துவரை 'வாடா' என்கிறாள். எட்டுப் பக்கம் காத்ததை அந்த ஒரு எழுத்து கெடுத்துவிட்டது. அண்ணா, அக்கா, மச்சான் எல்லாவற்றையும் தேடிப் பார்.

பிறகு நான்கைந்து பேரிடம் படிக்கக் கொடு. 1956இல் பென்சில்வேனியாவின் மில்ஃபோர்டில் அறிபுனை எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய பட்டறையின் பெயரால் வழங்கும் முறை இன்றும் பயன்படுகிறது: வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிடம் பேச வேண்டும், எழுதியவர் எல்லோரும் முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லத் துடிக்கும் இடம்தான் பக்கத்தில் விடுபட்ட இடம், அதைக் குறித்துக்கொள். மருத்துவரைப் போல வாழ்கிற ஒருவரிடமும் கொடு, அந்த உழைப்புக்குப் பணமும் கொடு. "தப்பு இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "பத்தாம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இவர் இப்படிப் பதில் சொல்வாரா?" என்று கேள்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பப்போவதாக எழுதியிருந்தாய். நெபுலா, ஹியூகோ விருதுகளின் கணக்கில் 7,500 சொல்லுக்குள் இருந்தால்தான் சிறுகதை. தமிழில் ஒரே சொல்லில் சொன்னது ஆங்கிலத்தில் மூன்று நான்காக விரியும். 5,000 சொல் கதை எங்கே போய் நிற்கும் என்று மொழிபெயர்த்த பிறகே தெரியும். பத்திரிகைகளின் வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம், விதிகளை முதலில் படி. எழுத்து 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளி, நான்கு பக்கமும் ஓர் அங்குல விளிம்பு. இடது மேலே முகவரி, வலது மேலே சொல் எண்ணிக்கை. அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கம் 2019 செப்டம்பர் முதல் தொழில்முறை ஊதியமாக வைத்தது சொல்லுக்கு 8 சென்ட். ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமையும்' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதே. ஃபேஸ்புக்கிலோ பிரதிலிபியிலோ முன்பே போட்ட கதையைப் பல ஆசிரியர்கள் 'வெளியானது' என்றே கருதுவார்கள், அதனால் இப்போதைக்கு எங்கும் போடாதே. செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிபுனை இதழ் கதை வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. மொழிபெயர்ப்பையும் இயந்திரத்திடம் விடாதே.

எங்கே அனுப்புவது என்று தெரிய, என்ன வருகிறது என்று படிக்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் நடந்த விஸ்கான் அறிபுனை மாநாட்டில் 1991இல் அறிவிக்கப்பட்டு, வாசகர்கள் கேக் சுட்டு விற்ற காசும் சேர்ந்து வளர்ந்த விருது ஒன்று உண்டு. பாலினம் பற்றிய சிந்தனையை விரிக்கும் அறிபுனைக்கும் மிகுபுனைவுக்கும் (ஃபேன்டஸி) தரப்படுவது. 2019இல் அதன் பெயர் 'அதர்வைஸ்' ஆனது. அதன் பரிந்துரைப் பட்டியல்களிலிருந்து தொடங்கு. லைட்ஸ்பீட் இதழ் 2015 ஜூனில் குயர் எழுத்தாளர்களுக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது, அதையும் படி. உன் கதையை எந்த ஆசிரியர் ரசிப்பார் என்று அப்போது புரியும்.

வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். புனைபெயரில் தாராளமாக அனுப்பலாம். அதற்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கு. அறிமுகக் கடிதம் மூன்று நான்கு வரி போதும்; நீ யாரை நேசிக்கிறாய் என்று அதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, கேட்டாலும் மறுக்கலாம். ஒப்பந்தத்துக்கும் பணத்துக்கும் சட்டப்பெயர் கேட்பார்கள். அதை அச்சில் போடக் கூடாது என்று எழுத்தில் உறுதி வாங்கிக்கொள். வேர்டு கோப்பின் பண்புகளில் 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் கணினியில் பதிந்த உன் உண்மைப் பெயர் தானாக ஏறியிருக்கும். பக்க ஓரத்துக் குறிப்புகளிலும் அது தெரியும். அனுப்பும் முன் இரண்டையும் அழித்துவிட்டு, கோப்பை மூடித் திறந்து இன்னொரு முறை பார்.

அன்புடன்,
அக்கா